விட்ட ஜம்ப்களைத் திரும்பப் பிடிப்பது எப்படி?

ஃபிகர் ஸ்கேட்டிங்கை, அதாவது பிளேடு வைத்த பூட்ஸோடு ஐஸில் சுழன்று குதிக்கும் விளையாட்டை, கொஞ்ச காலம் விட்டவர்கள் ஐஸுக்குத் திரும்பும் முதல் நாளில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. இரண்டு சுற்று சுற்றி வருவோம். முதல் சுற்றில் கால் நடுங்கும், இரண்டாவதில் பழகிவிடும். "அட, ஒன்றும் மறக்கவில்லையே" என்று தோன்றும். உடனே அரைச் சுற்று சுற்றும் ஒரு வால்ட்ஸ் ஜம்ப். அது வந்துவிட்டால் ஒரு முழுச் சுற்று சால்கோ. அதுவும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பழைய நினைப்புடா பேராண்டி என்று ஒன்றரைச் சுற்று ஆக்ஸெலுக்கே கிளம்பிவிடுவோம்.

இரண்டரை வருட இடைவெளிக்குப் பிறகு நானும் இதைத்தான் செய்தேன். ஆக்ஸெல் வரை போகவில்லை, அதற்கு முந்தைய லூப் என்ற ஜம்ப்பிலேயே கதை முடிந்தது. விழவில்லை, அடிபடவில்லை. மறுநாள் காலை படி இறங்கும்போது குதிகாலுக்கு மேலே சுருக்கென்று குத்தியது. அது குணமாக 6 வாரம் ஆனது.

ஜம்ப்பை மூளை மறப்பதில்லை. சைக்கிள், நீச்சல் போல அது உள்ளே எங்கோ பத்திரமாகத்தான் இருக்கிறது. உடம்புதான் மறந்துவிடுகிறது, அதுவும் திரும்பி வரும்போது எல்லாப் பாகமும் ஒன்றாக வருவதில்லை. மூச்சு சில வாரங்களில் பிடிபடும். தசைக்கு ஓரிரு மாதம். தசையை எலும்போடு கட்டி வைக்கும் தசைநாண்களும் எலும்பும்தான் கடைசி, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் உண்மையான ஆபத்து முதல் நாளில் இல்லை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் இருக்கிறது. எல்லாம் திரும்பிவிட்டது போலத் தோன்றும், குதிகால் மட்டும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்தக் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கும் ஏற்பாடுதான்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றி வலது காலில் இறங்குபவர்களை வைத்து எழுதுகிறேன். நீங்கள் மறுபக்கம் சுற்றுபவர் என்றால் இடது வலதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதனால் விட்டீர்கள்?

பரீட்சை, காய்ச்சல் என்று இரண்டு மூன்று வாரம் போகாமல் இருந்தவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். இரண்டு நாள் எட்ஜ் பயிற்சி (பிளேடின் உள் விளிம்பிலும் வெளி விளிம்பிலும் சாய்ந்து வளைந்து போவது) செய்துவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ விட்டவர்கள்தான் விட்ட காரணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காலில் காயம் என்றால் மருத்துவரின் அனுமதி முதலில். அப்புறம் வீட்டிலேயே ஒரு சோதனை: ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாண்டி, அதே காலில் இறங்கி அசையாமல் நில்லுங்கள். நல்ல கால் 100 செ.மீ. தாண்டினால் அடிபட்ட கால் குறைந்தது 90 தாண்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட்கள் பரவலாக வைத்திருக்கும் அளவுகோல் இது. தூரத்தைவிட, இறங்கியபின் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பது முக்கியம். சாய்ந்தால் ஐஸில் இன்னும் மோசமாகச் சாயும்.

தலையில் அடிபட்டு விட்டிருந்தால் மருத்துவர் முழுவதும் சரி என்று சொல்லும் வரை ஒரு அரைச் சுற்றுகூட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு என்றால் ஓட்டம், குதிப்பு இரண்டுக்கும் குறைந்தது 3 மாதம் கொடுங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் இடுப்பின் அடித்தளத் தசை இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்கென்று பயிற்சி இருக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைகளின் கதை வேறு. நடுவில் 5 செ.மீ. வளர்ந்துவிட்ட பிள்ளைக்குப் பலம் குறையவில்லை, கைகால் நீளம் மாறியிருக்கிறது. பழைய கணக்கில் கையை இழுத்தால் சுற்று பொருந்தாது. அவர்களைத் திட்டாதீர்கள்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக்கைக் காட்டுவேன். இடுப்புக் காயத்தால் 2001-இல் விட்டவர், 2016-இல் ஜோடி ஸ்கேட்டராகத் திரும்பினார். 2024-இல் மான்ட்ரியாலில் மாக்ஸிம் டெஷாம்புடன் சேர்ந்து உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 40.

பூட்ஸைத் திறந்து பாருங்கள்

பையில் கிடந்த பூட்ஸை அப்படியே மாட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலில் கணுக்கால் மடியும் இடத்தில் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். துணிப்பை மாதிரி அமுங்கினால் அந்தப் பூட்ஸ் நடக்கவும் சுழலவும் ஆகும், குதிப்பதற்கு ஆகாது. பூட்ஸைத் திருப்பி, பிளேடைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைப் பாருங்கள். துருப்பிடித்துத் தளர்ந்த ஸ்குரூவோடு குதித்தால், இறங்கும்போது பிளேடு கொஞ்சம் நகரும். உங்களுக்கு அது காரணம் தெரியாத தடுமாற்றமாகத்தான் தெரியும்.

பிளேடுக்கு ஒரு சுலபமான சோதனை. விரல் நகத்தை எட்ஜின் குறுக்காக மெல்ல வைத்து இழுங்கள். நகத்தூள் கொஞ்சம் உதிர்ந்தால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் சாணை பிடிக்க வேண்டும். இரண்டு எட்ஜிலும், முன்பக்கம் நடுப்பக்கம் பின்பக்கம் என்று ஆறு இடத்தில் பாருங்கள். ஃபிகர் ஸ்கேட் பிளேடைச் சாணை பிடித்துப் பழகியவரிடமே கொடுங்கள். ஹாக்கி பிளேடு மட்டும் பார்த்தவர், பிளேடு நுனியில் பற்கள் போல இருக்கும் டோ பிக்கையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால் பிளேடே போய்விடும். பிளேடின் அடியில் இருக்கும் குழிவுக்கு முன்பு வைத்திருந்த அதே அளவைக் கேளுங்கள். ஆழம் கூடினால் ஐஸை அதிகமாகப் பிடிக்கும், பழக்கம் விட்ட காலுக்கு அது தொல்லை. சாணை பிடித்த அன்று ஜம்ப் வேண்டாம்.

புதுப் பூட்ஸ் வாங்க வேண்டி வந்தால் அது பழகும் வரை ஜம்ப் தள்ளிப்போகும். இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எதனால் விழுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. கயிறு கட்டும்போது விரல்பக்கம் தளர்வு, கணுக்கால் மடிப்பில் இறுக்கம், மேல் கொக்கிகளில் கொஞ்சம் தளர்வு. மேலேயும் இறுக்கிவிட்டால் முழங்கால் முன்னால் மடியாது. மடியாத முழங்காலில் இறங்கினால் மொத்த அதிர்ச்சியும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகும்.

தரையில் இரண்டு வாரம்

சலிப்பான பகுதிதான், ஆனால் இதைத் தாண்டிக் குதிக்க வழி இல்லை. ஒரு ஜம்ப்பிலிருந்து இறங்கும்போது ஒற்றைக் காலில் விழும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதைத் தாங்குவது கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும்.

ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நிறுத்தாமல், ஆடாமல் 25 முறை வருகிறதா என்று பாருங்கள். எனக்கு முதல் நாள் 11-இல் நின்றுவிட்டது. லூப் ஏன் குதிகாலில் குத்தியது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இறக்கும்போது மெதுவாக இறக்குவதுதான் முக்கியம், தசைநாணுக்கு வேலை அங்கேதான். அப்புறம் ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது, கயிறு தாண்டுவது, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்பது.

இதோடு இறங்கும் நிலையைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். 15 செ.மீ. உயரப் படியிலிருந்து வலது காலில் குதித்து இறங்கி, முழங்கால் மடிந்து, இடது கால் பின்னால் நீண்டு, இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து, மூன்று எண்ணும் வரை நில்லுங்கள். மூன்று எண்ண முடியாவிட்டால் அது கணக்கில் சேராது. கொஞ்ச நாளில் காற்றில் ஒரு முழுச் சுற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சிமென்ட் தரையில் செய்யாதீர்கள். மரத்தளமோ கனமான விரிப்போ வேண்டும்.

ஐஸில்: ஜம்ப் இல்லாத நாட்கள்

முதல் வாரம், முடிந்தால் இரண்டாவது வாரமும், ஒரு ஜம்ப்கூட வேண்டாம். ஸ்ட்ரோக்கிங் (காலால் தள்ளித் தள்ளிப் போவது), இரண்டு திசையிலும் கிராஸ் ஓவர் (வளைவில் ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே வைத்துப் போவது), முன்னும் பின்னுமாக உள் எட்ஜ், வெளி எட்ஜ், த்ரீ டர்ன் (ஒரே காலில் திரும்புவது), மோஹாக் (கால் மாற்றித் திரும்புவது). ஜம்ப் என்பது எட்ஜிலிருந்து எழும்பி எட்ஜில் இறங்குவது. ஓடும் எட்ஜே ஆடினால் எழும்பும் எட்ஜ் என்ன ஆகும்?

இந்த நாட்களில் இரண்டு விஷயத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ஒன்று, இறங்கும் எட்ஜ். பின்பக்க கிராஸ் ஓவர் இரண்டு போட்டு, வலது காலின் பின் வெளி எட்ஜில் நின்று, ஐந்து எண்ணும் வரை அந்த வளைவிலேயே போங்கள். நீங்கள் மீட்கப்போகும் ஜம்ப் கிட்டத்தட்ட எல்லாமே இதில்தான் முடியும்.

இன்னொன்று, பேக் ஸ்பின், அதாவது இறங்கும் வலது காலிலேயே நின்று சுழல்வது. பலர் இதை ஸ்பின் கணக்கில் வைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். காற்றில் சுற்றும்போது உடம்பு இருப்பது பேக் ஸ்பின் நிலையில்தான்: எடை வலது பக்கம், இடது கால் குறுக்கே, கை மார்போடு. ஜம்ப் என்றால் இந்த நிலைக்குத் தாவிப் போய்ச் சேர்வது. போய்ச் சேரும் இடமே தெரியாவிட்டால் எங்கே தாவுவது? என் கணக்கு இது: அடுத்தடுத்து மூன்று முறை, ஒவ்வொன்றும் ஐந்து சுற்று பேக் ஸ்பின் வந்த பிறகுதான் ஒரு சுற்று ஜம்ப். கோச்சுகள் சிலர் இதை அதிகம் என்பார்கள். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

விழவும் பழகிக்கொள்ளுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் முழங்காலை மடித்து உயரத்தைக் குறைத்து, தொடையின் பக்கவாட்டில் விழுந்து வழுக்கிப் போக வேண்டும். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டு போகும். விழுந்ததும் விரல்களை மடக்கி உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னால் வருபவரின் பிளேடுக்கு உங்கள் விரல் தெரியாது. இடுப்புக்கும் வால் எலும்புக்கும் பேட் வைத்த ஷார்ட்ஸ் போட்டுக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை. அடியைவிட, அடிபடும் என்ற பயம் குறைவதுதான் அதன் பெரிய பலன்.

எந்த ஜம்ப் முதலில்?

மூன்றாவது வாரத்தில் அரைச் சுற்றுகள்: வால்ட்ஸ் ஜம்ப், அரை ஃபிளிப். வால்ட்ஸ் ஜம்ப்பைச் சின்னப் பிள்ளைகள் ஜம்ப் என்று நினைக்காதீர்கள். அதை வேகம் இல்லாமல், பிறகு வேகத்தோடு, பிறகு இறங்கிய எட்ஜிலேயே மூன்று வினாடி நின்று என்று செய்து பாருங்கள். ஆக்ஸெல் திரும்புமா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் சால்கோவும் டோ லூப்பும். சால்கோ இடது காலின் பின் உள் எட்ஜிலிருந்து எழும்புவது, டோ பிக் உதவி கிடையாது. டோ லூப்பில் வலது பின் வெளி எட்ஜில் போய்க்கொண்டே இடது டோ பிக்கை ஊன்றி எழும்புகிறோம். எது முதலில் என்பது உங்களுக்கு எது முன்பு சுலபமாக இருந்தது என்பதைப் பொறுத்தது.

லூப்பை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். எழும்புவதும் வலது கால், இறங்குவதும் வலது கால். எல்லாச் சுமையும் ஒரே கணுக்காலுக்கு. நான் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம் இதுதான். லூப்பைத் தவிர்க்கவும் முடியாது, ஏனென்றால் காற்றில் வலது பக்கம் எடை வைக்கக் கற்றுக்கொடுப்பதும் அதுதான். அடுத்து ஃபிளிப், அடுத்து லட்ஸ். ஃபிளிப் இடது பின் உள் எட்ஜ், லட்ஸ் இடது பின் வெளி எட்ஜ். இரண்டிலும் வலது டோ பிக். லட்ஸில் எட்ஜ் ஒரு பக்கம் வளைய, சுற்று மறுபக்கம் போக வேண்டும். இடைவெளிக்குப் பிறகு கால் தன்னால் உள் எட்ஜுக்குச் சாய்ந்துவிடும், அதைத்தான் ஃபிளட்ஸ் என்று கிண்டல் செய்வார்கள். முதல் மாதத்திலேயே இது பழகிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. அதனால் லட்ஸை எழும்பாமல், வெளி எட்ஜில் போய் டோ பிக் ஊன்றுவது வரை மட்டும் ஒரு வாரம் செய்யுங்கள். லட்ஸ் எடுப்பதற்குப் பார்க்காமலே பின்னோக்கி நீண்ட தூரம் போகிறோம், மூலையில் யார் இருக்கிறார்கள் என்று தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். எல்லோரும் வரும் பொது நேரத்தில் பல ரிங்குகளில் (ஐஸ் தளங்களில்) ஜம்ப்புக்கே அனுமதி இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐஸ் எழுதி வைப்பதைப் படியுங்கள்

கோச் எப்போதும் பக்கத்தில் இருக்க மாட்டார். ஐஸ் இருக்கும். ஆள் கம்மியாக, ஐஸ் புதிதாக இருக்கும் நேரத்தில் ஒரு ஜம்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, இறங்கிய இடத்தைக் குனிந்து பாருங்கள். சின்னதாக ஒரு டோ பிக் குத்து, அதிலிருந்து சுத்தமான ஒரே வளைவு கிளம்பினால் சுற்று முழுசாக வந்திருக்கிறது. வளைவின் தொடக்கத்தில் தூண்டில் முள் போல ஒரு சுழிப்பு இருந்தால், மீதிச் சுற்றை ஐஸில் தேய்த்து முடித்திருக்கிறீர்கள். போட்டியில் ஒரு சுற்றில் கால் பங்குக்கு மேல் குறைந்தால் மதிப்பெண் வெட்டுவார்கள். நமக்குப் போட்டி இல்லை என்றாலும், அந்தச் சுழிப்பில் முழங்கால் திருகுகிறது.

போனின் ஸ்லோ மோஷனும் உதவும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் வகையில் வைத்து, பிளேடு ஐஸை விட்ட படத்திலிருந்து தொட்ட படம் வரை எண்ணுங்கள். 96 படம் என்றால் 0.4 வினாடி, அதாவது கிட்டத்தட்ட 20 செ.மீ. உயரம். 30 செ.மீ. எழும்பினால் அரை வினாடி. வித்தியாசத்தைப் பாருங்கள்: கூடுதலாக 10 செ.மீ. எழும்ப எவ்வளவு பாடுபட வேண்டும், கிடைப்பதோ 0.1 வினாடி. திரும்பி வந்தவர்கள் "உயரம் போய்விட்டது" என்றுதான் புலம்புவார்கள். என் வீடியோவை எண்ணிப் பார்த்தபோது உயரம் அவ்வளவாகக் குறையவில்லை. கையை மார்போடு சேர்க்கத்தான் நேரமாகியிருந்தது. கைகால் உடம்போடு ஒட்டினால்தான் சுற்று வேகமெடுக்கும். பாதி நேரம் போன பிறகு ஒட்டி என்ன பயன்? இதைத் தரையில் நின்ற இடத்திலேயே பழகலாம்: குதி, உடனே இறுக்கு.

பயமும் கணக்கும்

பயம் வரும்போது காற்றில் நடுவிலேயே உடம்பு விரிந்துவிடும். பாப் ஆவது என்பார்கள். ஒரு நாளில் ஒரே ஜம்ப் தொடர்ந்து மூன்று முறை பாப் ஆனால் நான்காவது முறை போகாதீர்கள். நான்காவது முறை பயிற்சி பெறுவது ஜம்ப் இல்லை, பாப் ஆகும் பழக்கம். ஒரு படி கீழே இறங்கி வால்ட்ஸ் ஜம்ப்பிலிருந்து பேக் ஸ்பின் என்று செய்துவிட்டு, அடுத்த நாள் வாருங்கள். ஹார்னஸ் (உடம்பில் கட்டி, குதிக்கும்போது தாங்கிப் பிடிக்கும் பட்டை) வைத்திருக்கும் கோச் கிடைத்தால் இரண்டு பாடம் எடுத்துக்கொள்வது நல்ல செலவு.

இறங்கும் எண்ணிக்கையை ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். பாப் ஆனதும், விழுந்ததும் சேர்த்துத்தான், குதிகாலுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 15 முதல் 20, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த வாரம் இரண்டு மூன்று கூட்டலாம். கூட்டலாமா என்பதை ரிங்கில் முடிவு செய்யாதீர்கள், மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து அடியில் முடிவு செய்யுங்கள். குதிகால் விறைத்திருந்தால் அந்த வாரம் கூட்டல் இல்லை. சூடேறியதும் வலி போய்விடுகிறதே என்பது ஏமாற்று வேலை. தசைநாண் வலி அப்படித்தான் நடிக்கும்.

எல்லா ஜம்ப்பையும் மீட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஜப்பானிய வீரர் ஹன்யூ யுசுரு 2017 நவம்பரில் நான்கு சுற்று லட்ஸ் பயிற்சியில் வலது கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். மூன்று மாதத்தில் ஒலிம்பிக்ஸ். அங்கே அவர் லட்ஸையும் லூப்பையும் நான்கு சுற்றில் எடுக்கவே இல்லை. சால்கோ, டோ லூப் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தங்கம் வாங்கினார். அமெரிக்க வீராங்கனை அலிசா லியூ சிறுமியாக இருந்தபோது பேர் வாங்கித் தந்தது மூன்றரைச் சுற்று ஆக்ஸெல். 2022-இல் 16 வயதில் விட்டுவிட்டு 2024-இல் திரும்பியவர், அந்த ஜம்ப் இல்லாமலேயே 2025-இல் பாஸ்டனில் உலக சாம்பியன் ஆனார். எது வேண்டும், எது இப்போதைக்கு வேண்டாம் என்று நீங்களும் ஒரு பட்டியல் போடலாம்.

ஆக்ஸெல்

என் பட்டியலில் ஆக்ஸெல் இருந்தது. வால்ட்ஸ் ஜம்ப்பை விட்டால் முன்னால் பார்த்து எழும்பும் ஒரே ஜம்ப், நான் தேடியது அதன் ஒன்றரைச் சுற்று வகை. பலர் அதை "வேகமான வால்ட்ஸ் ஜம்ப்" என்று நினைத்துத் தோளை முதலில் வீசிவிடுகிறார்கள். தோள் முந்தினால் உடம்பு சாயும், சாய்ந்தால் இடுப்பில்தான் விழுவோம். வால்ட்ஸ் ஜம்ப்பில் மேலே ஏறி, அங்கிருந்து லூப் நிலைக்கு எடையை மாற்றுவது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் வால்ட்ஸ் ஜம்ப் முடிந்த உடனே லூப் என்று இரண்டையும் ஒட்டிச் செய்யும் பயிற்சி முதலில். அது எட்டுக்கு ஆறு முறை சுத்தமாக வந்தால் ஆக்ஸெலுக்குப் போகலாம். எழும்பும்போது வலது முழங்கால் மேலேயும் முன்னேயும் போக வேண்டும், பக்கவாட்டில் இல்லை. இடது காலின் எட்ஜில் ஒரு கணம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் எனக்குக் கடைசி வரை வரவில்லை. வாயால் "இரு... போ" என்று சொல்லிக்கொண்டே எழும்பிய பிறகுதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பரவாயில்லை.

அது வந்தது ஐந்தாவது மாதத்தில். வரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள், அப்போது புத்தி வேலை செய்யாது. நான் எழுதி வைத்திருந்தது: இன்னும் இரண்டே முறை, அப்புறம் பூட்ஸைக் கழற்று, பிளேடைத் துடை, வீட்டுக்குப் போ. மூன்றாவது முறை போகக் கால் துடித்தது. கழற்றிவிட்டேன். மறுநாள் காலை படி இறங்கும்போது ஒன்றும் குத்தவில்லை.